மெல்லக் கதைக்காத அக்கா

பலேர்மோவுக்கு வந்த எங்கள் பெண்கள் முதலில் பழகிய இத்தாலியச் சொற்கள் நான்கு. பெர்மெசோ: இந்த நாட்டில் தங்கியிருக்க அரசு தரும் தாள். சிஞ்ஞோரா: அம்மணி; எங்களுக்கு, வேலை தரும் வீட்டுக்காரி. சூபித்தோ: உடனே. பியானோ: மெல்ல. கதவை மெல்லச் சாத்து, கோப்பையை மெல்ல வை, பிள்ளை நித்திரை, மெல்லக் கதை. ஒரு வருடத்துக்குள் எங்கள் எல்லாருடைய குரலும் பாதியாய்ப் போய்விடும். பிறகு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் இரண்டு பேர் சந்தித்தாலும் நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் நிற்பவர்களைப்போலத்தான் கதைப்பார்கள்.

அக்கா முதல் மூன்று சொற்களையும் படித்தார். நாலாவதைப் படிக்க மறுத்துவிட்டார்.

வயதில் மூத்தவர்களுக்கும் அவர் வெறும் அக்காதான். மன்னார்க்காரி, கத்தோலிக்கர், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். உயரம் குறைவு. ஆண்கள் போடும் தடித்த தோல் சப்பாத்துப் போடுவார். கேட்டால், "நடக்கிறவளுக்கு நடக்கிற சப்பாத்து" என்பார். கதைக்கும்போது கையை ஆட்டமாட்டார், முகத்தைச் சுளிக்கமாட்டார், கோபமும் இருக்காது. அவருடைய சாதாரணப் பேச்சே அந்த அளவு சத்தம்.

லிபெர்த்தா என்ற, பெரிய வீடுகள் உள்ள தெருவால் போகும் பேருந்தில் ஒருநாள் முன்வாசலால் ஏறியவர் பின்னுக்கு நின்ற என்னைக் கண்டுவிட்டார்.

"பிள்ளை! மிளகாய்த்தூள் வந்திட்டுதாம், எடுத்தனியோ?"

தொப்பி போட்ட கிழவிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்து என் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

"ஏன் குனியிறாய்? மிளகாய்த்தூள் என்ன களவெடுத்த சாமானோ?"

நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவள். மின்சாரம் இல்லாத ஊரில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவள். பலேர்மோவில் காலையில் மூன்று வீடு துடைத்துவிட்டுப் பின்னேரம் எங்கள் ஆட்களின் பழுதான சாமான்களைத் திருத்திக் கொடுத்தேன். அக்கா என்னிடம் முதன்முதல் வந்ததும் ஒரு கசெட் ரேடியோவோடுதான்.

"இதிலை சத்தம் காணாது."

திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒலி ஏற்கெனவே உச்சத்தில் நின்றது.

"இதிலை பிழை ஒண்டும் இல்லை அக்கா. இதுதான் கடைசி."

"கடைசி எண்டு ஆர் சொன்னது? செய்தவனோ? அவனுக்கு என்ரை குசினி எவ்வளவு பெரிசு எண்டு தெரியுமோ?"

அக்கா தங்கியிருந்து வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு சிறிய சங்கம் நடத்தினார். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இத்தாலியர்களைக் கூட்டிக்கொண்டு பழைய வணிகர்கள் போன பாதைகளைக் காட்டப் போவார்கள்: பினீசியர்கள் கப்பல் கட்டிய கரை, அரபுக்காரர் தோட்டம் போட்ட இடம், உப்பு ஏற்றிய துறை. சிஞ்ஞோராவின் மருந்துப் பையையும் சாப்பாட்டுக் கூடையையும் தூக்க அக்காவும் கூடப் போவார். விளக்கம் சொல்பவர் நெஞ்சில் உரிமச் சின்னம் குத்திய ஒரு கனவான். கழுத்தில் பட்டுத் துணி. அவருடைய குரல் மிக மெல்லியது.

"அந்தாள் கதைச்சால் சனம் குனிஞ்சுதான் கேக்கவேணும்" என்று அக்கா எங்களுக்குச் சொன்னார். "ஆக்களைக் குனிய வைக்கிறதுக்கு அதுவும் ஒரு வழி."

ஒரு வசந்தப் பயணத்தில் ஒரு பழைய மாளிகையின் முற்றத்தில் அந்தக் கனவான் வாசனைச் சரக்குகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மிளகும் கறுவாவும் சின்னப் போத்தல்களில் சுற்றி வந்தன. திடீரென்று அக்காவைக் கூப்பிட்டு முன்னுக்கு நிறுத்தி, கையில் ஒரு கறுவாப் பட்டையைக் கொடுத்தார். "பாருங்கள், வாசனைப் பாதை நம்மோடேயே நடந்து வருகிறது" என்றாராம். ஆட்கள் சிரித்துக்கொண்டு கமெராவைத் தூக்கினார்கள்.

அக்காவின் இத்தாலியன் உடைந்த இத்தாலியன். ஆனால் அதற்கும் அதே சத்தம்தான்.

"இந்தக் கறுவா கப்பலிலை வந்தது. நான் லொறியிலை வந்தனான். வழிவழிய ஏஜென்சிக்காரர் ஆளுக்காள் கை மாத்தி விட்டவங்கள். உங்கடை வரைபடத்திலை அந்தப் பாதையையும் கீறுங்கோ. அதுவும் வியாபாரப் பாதைதான். நான் அதிலை வந்த சரக்கு."

நான்கு பக்கமும் சுவர் உள்ள முற்றம். கடைசிச் சொல் திரும்பி வந்ததாம். கமெராக்கள் இறங்கின. கனவான் புன்னகையோடு, "பியானோ, சிஞ்ஞோரா, பியானோ" என்றார்.

அன்று பின்னேரம் அக்கா என் அறைக்கு வந்து, கட்டிலில் குந்திச் சப்பாத்தைக் கழற்றினார்.

"பிள்ளை, அந்தாள் சொல்லுற விசயங்கள் நல்ல விசயம். எங்கடை சனம் இஞ்சை வந்து கழுவித் துடைச்சுப்போட்டு, எந்த ஊரிலை இருக்கிறம் எண்டே தெரியாமல் இருக்குதுகள். நானும் கூட்டிக்கொண்டு போகப்போறன்."

"ஆரை?"

"எல்லாரையும்."

அப்படித்தான் எங்கள் பயணங்கள் தொடங்கின. மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, வாடகைப் பேருந்து. துறைமுக வாசலில்தான் ஏறவேண்டும். தேவாலயத்துக்கு முன்னாலேயே ஏறலாமே என்று கேட்டால், "பாதை துறைமுகத்திலைதான் தொடங்கும்" என்பார். வீட்டு வேலைப் பெண்கள், கிழவர்களைப் பார்க்கும் பெண்கள், நகரத்தின் ஓரத்துச் சியாகுல்லித் தோட்டங்களில் பழம் பிடுங்கும் ஆண்கள், பிள்ளைகள், என்னைப்போல நாலைந்து சைவ சமயக்காரர். அக்கா தனக்கென்று எதுவும் எடுக்கமாட்டார். மற்ற வழிகாட்டிகளைப்போலக் குடையை உயர்த்திப் பிடிக்கவும் மாட்டார். "தடியைக் காட்டிக் கொண்டுபோக நீங்கள் என்ன ஆடோ? என்ரை சத்தம் கேக்கிற இடத்திலை நில்லுங்கோ, அது காணும்."

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். நூற்றாண்டுகளை மாற்றி அடுக்குவார். ரோமர்களுக்கு முதல் அரபுக்காரரைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய காதணி ஒன்றைக் கண்டு, "இது எங்கடை மன்னார் முத்து" என்று அறிவித்தார். உப்பளத்தில் நின்ற பூநாரைகளைக் காட்டி, மன்னாரில் இருந்து அவை வருடாவருடம் வந்து போகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். எனக்குப் பிழைகளை வரிசைப்படுத்தும் பழக்கம் இருந்தது. திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாய்ச் சொல்வேன்.

"முத்துக்கு ஆதாரம் இல்லை அக்கா. அந்தப் பெட்டியிலை எந்த இடத்து முத்து எண்டு எழுதேல்லை."

"பேப்பர் இல்லாமல்தானே நீயும் இஞ்சை வந்தனி? முத்தும் அப்பிடி வந்திருக்கும்."

"நாரைகள்?"

"அதை விடு. பிள்ளையள் எண்டாலும் பறந்து வந்ததைப்போல நினைக்கட்டும்."

எங்களோடு எப்போதும் வரும் ஒருவர் இருந்தார். சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழம் பிடுங்குபவர், யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆள், பகிடிக்காரன். குரல் மட்டும் எங்கள் எல்லாரையும்விடத் தணிவு. தோட்டக்காரனுக்குப் பயந்து பயந்து அப்படிப் போய்விட்டது என்று அவரே சொல்வார். இந்தப் பழ மரங்கள் எல்லாம் கிழக்கிலிருந்து வந்தவை என்று அக்கா ஒருமுறை சொன்னபோது, அவர் மெல்லக் கேட்டார்:

"அப்ப மண்டரினும் நானும் ஒரே வழியாலை வந்த ஆக்களோ அக்கா?"

"ஓம். ஆனால் மண்டரினுக்கு இஞ்சை வேர் விட விட்டவங்கள். உமக்கு ஏணியிலை நிக்க மட்டும் விட்டிருக்கிறாங்கள்."

"அது பரவாயில்லை. ஏணியிலை நிண்டால் தோட்டக்காரனை விட நான்தான் உயரம்."

பேருந்து முழுதும் சிரித்தது. அப்படி வாய்விட்டுச் சிரிக்கும் சத்தத்தை நான் அந்த நகரத்தில் வேறு எங்கும் கேட்டதில்லை.

பிரச்சினை சத்தத்தால்தான் வந்தது. உரிமம் உள்ளவர்தான் அந்த இடங்களில் ஒரு கூட்டத்துக்கு விளக்கம் சொல்லலாம் என்பது அங்கே சட்டம். நாங்கள் பேசாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் அக்கா கதைத்தால் அடுத்த முற்றத்துக்கும் கேட்கும். அந்தக் கனவானுக்கும் கேட்டது. ஒரு மாளிகையில் காவலாளி வந்து எச்சரித்தார். இன்னொரு இடத்தில் அக்காவின் பெயரைக் கேட்டு எழுதினார்கள். மூன்றாம் முறை என்றால் அபராதத் தாள் வரும் என்றார்கள்.

எங்களுக்கு அபராதம் பெரிதாகத் தெரியவில்லை. அந்தத் தாள் குவெஸ்தூராவுக்குப் போய்விடும் என்பதுதான் பயம். வெளிநாட்டுக்காரரின் பெர்மெசோவைப் புதுப்பிப்பது அந்தப் பொலிஸ் அலுவலகம்தான். அக்காவின் பெர்மெசோ அடுத்த மாதம் முடிய இருந்தது. அது போனால் வேலை போகும், வேலை போனால் மன்னாரிலிருந்து கொழும்புக்கு இடம்பெயர்ந்திருந்த அவருடைய தாயும் தங்கைகளும் என்ன செய்வார்கள் என்பதை எங்களில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் யோசித்தேன். எனக்கு எந்தப் பிரச்சினையையும் பகுதி பகுதியாகப் பிரித்தால்தான் நிம்மதி. ஒன்று: அக்கா கதைக்கவேண்டும். இரண்டு: எங்களுக்குக் கேட்கவேண்டும். மூன்று: மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது. அப்படிப் பார்த்தால் விடை கஷ்டமில்லை. உடைந்த தொலைபேசி ஒன்றிலிருந்து ஒலிவாங்கியை எடுத்தேன். பேனையில் செப்புக் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்தேன். ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மின்தேக்கி, ஒரு பற்றரி. சவர்க்காரப் பெட்டிக்குள் அடங்கும் சிறிய வானொலி பரப்பி. ஒரு முற்றம் அளவு தூரம் போகும். அக்கா கழுத்துத் துணிக்குள் ஒலிவாங்கியை வைத்து முணுமுணுத்தால் போதும். எங்கள் எல்லாரிடமும் கைரேடியோவும் காதுக் கருவியும் இருந்தன.

அவருடைய குசினியில் வைத்து இயக்கிக் காட்டினேன். அக்கா காதில் மாட்டிக்கொண்டு, பக்கத்து அறையிலிருந்து நான் கிசுகிசுத்ததைக் கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார்.

"கெட்டிக்காரி. ஆனால் வேண்டாம்."

"ஏன் அக்கா? ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் சொல்லுற ஒரு சொல்லும் குறையாது."

அவர் தேநீர் ஊற்றினார். வழக்கமான சத்தத்திலேயே சொன்னார்:

"எல்லை தாண்டேக்கை லொறிக்குள்ளை மரப்பெட்டியளுக்குப் பின்னாலை வைச்சவங்கள். ஆரும் இருமினால் எல்லாரும் முடிஞ்சுது எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். எனக்கு இருமல். சால்வைத் தலைப்பை வாய்க்குள்ளை அடைஞ்சுகொண்டு இருந்தனான். பக்கத்திலை இருந்த பெடிச்சி என்ரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தவள், அவளும் மூச்சுக் காட்டேல்லை. என்னட்டை இருந்த மௌனம் முழுக்க அந்த லொறிக்குள்ளை செலவழிஞ்சு போச்சுது பிள்ளை. இனி மிச்சம் இல்லை."

பிறகு பரப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு, "தேத்தண்ணியைக் குடி, ஆறுது" என்றார்.

அடுத்த பயணம் மேற்குக் கரையில், உப்பளங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பழைய துறைமுகத்துக்கு. துறைமுகம் என்று சொல்ல இப்போது அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கடலுக்குள் இறங்கும் வெட்டிய கற்கள், பாதி மண்ணில் மூடிய மதில், காற்று. அக்காவுக்கு அந்த இடம் பிடிக்கும். "மன்னார்க் காத்து" என்பார். பரப்பியும் காதுக் கருவிகளும் என் பையில் இருந்தன. சொல்லாமல்தான் கொண்டுபோனேன்.

நாங்கள் கற்களுக்குக் கிட்டப் போகும்போதே சங்கத்தின் பேருந்தும் வந்து நின்றது. பட்டுத் துணிக் கனவான் தன் கூட்டத்தோடு இறங்கினார். எங்களைக் கண்டதும் நேராகக் காவலாளியிடம் போனார். காவலாளி வயதான மனிதர், கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"சிஞ்ஞோரா, உங்களுக்குள் மெல்லக் கதைத்தால் நான் கேட்கவில்லை, எழுதவும் இல்லை. சத்தமாகச் சொன்னால் எழுதத்தான் வேண்டும். தயவுசெய்து, பியானோ."

காற்றுக்குள் எல்லாரும் அசையாமல் நின்றோம். ஒரு பிள்ளை மட்டும் தாயின் கையை இழுத்தது. "அம்மா, அந்தியாமோ, பசிக்குது. போவம்."

மண்டரின்காரர் அக்காவுக்குப் பக்கத்தில் வந்தார். "விடுங்கோ அக்கா. பேப்பர்தான் முக்கியம். நாங்கள் கிட்ட நிண்டு கேக்கிறம்."

"எவ்வளவு கிட்ட?"

"தோளோடை தோள்."

"குனிஞ்சோ?"

நான் பையைத் திறந்து பரப்பியை எடுத்தேன். அக்கா பார்த்தார்.

"அதை மூடு பிள்ளை."

சட்டைக்குள் கையை விட்டு, பிளாஸ்திக் உறையில் வைத்திருந்த பெர்மெசோவை எடுத்தார். காவலாளியின் கையில் அவரே வைத்தார்.

"எழுதுங்கோ. நீங்கள் எழுதி முடிக்க நானும் கதைச்சு முடிச்சிடுவன்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அவருக்குப் பின்னால் கடல்.

"இஞ்சை வந்து இந்தக் கல்லைப் பாருங்கோ. விளிம்பிலை பள்ளமாய்த் தேஞ்சு கிடக்கு. ஏன் தேஞ்சது? கயிறு. கப்பலைக் கட்டின கயிறு. முத்து வந்தது, மிளகு வந்தது, உப்புப் போனது. வாங்கினவனையும் வித்தவனையும் பற்றிப் புத்தகம் இருக்கு. கயிறு இழுத்தவனைப் பற்றி இந்தக் கல்லு மட்டும்தான் இருக்கு. அவன் பியானோ, பியானோ எண்டோ இழுத்தவன்? எங்கடை பலேர்மோ துறைமுகத்திலை ஆரேன் மெல்லக் கதைக்கிறதைக் கேட்டிருக்கிறியளோ? துறைமுகம் எண்டாலே சத்தம். இந்த இடத்திலை ஆயிரம் பேர் கத்தியிருப்பாங்கள். எங்கடை கரையிலை வலை இழுக்கேக்கை எப்பிடிக் கத்துவம்? ஏலேலோ!"

ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அங்கே இத்தாலியர்கள் எங்கள் பக்கம் திரும்பி நின்றார்கள். காவலாளியின் பேனை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலேலோ!"

"ஐலசா" என்றது ஒரு குரல், மண்டரின்காரர். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பிறகு ஒரு பெண். பிறகு பசியென்று கையை இழுத்த பிள்ளை, அதற்கு இது விளையாட்டு. அந்த இரண்டுபேரையும்விட அதுதான் சத்தம். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அக்கா அதற்காக நிறுத்தவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கண்ணாடி, பவளம், சாயத் துணி என்று கப்பலில் ஏறியதையும் இறங்கியதையும் சொல்லி முடித்தார். காவலாளி முதலே எழுதி முடித்துவிட்டார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி வரை காத்திருந்தார். அக்கா வந்து கையெழுத்து வைத்தார்.

அதன்பின் நடந்தவை இவை. அபராதத் தாள் வந்தது. சிஞ்ஞோரா அவரைக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கலாம், ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இனி வேண்டாம் என்றார். அக்கா அன்றே தன் பெட்டியைக் கட்டினார். இரண்டு கிழமை என் கட்டிலில் நானும் அவரும் தலைமாறிப் படுத்தோம். பிறகு லிபெர்த்தாவிலேயே, காது கேளாத ஒரு கிழவரைப் பார்க்கும் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்து, "பிள்ளை, இந்த ஊரிலை எனக்கெண்டு ஒரு வீடு இருந்திருக்கு, இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சுது" என்றார்.

பெர்மெசோ புதுப்பிக்கும் நாளில் நானும் குவெஸ்தூராவுக்குப் போனேன். அவருடைய தாள்களைத் திரும்பத் திரும்ப எண்ணியது நான்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அவர் பெயரை முணுமுணுத்தார். "ஓம், இஞ்சை!" என்று அக்கா தமிழிலேயே சொன்ன சத்தத்தில் வரிசை முழுதும் நிமிர்ந்தது. தாள்களைப் புரட்டினார்கள், இழுத்தடித்தார்கள், இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். கடைசியில், குறைந்த காலத்துக்கு என்றாலும், கொடுத்தார்கள். அபராதத்தைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆனாலும் அடுத்த பயணத்துக்குப் பேருந்து தேவைப்படவில்லை. ஆட்கள் பயந்துவிட்டார்கள். ஒரு சின்ன வான் வண்டிக்குள் எல்லாரும் அடங்கினோம். அதற்கு முந்திய கிழமை நான் சவர்க்காரப் பெட்டியைத் திறந்து பரப்பியைப் பிரித்திருந்தேன். ஒலிவாங்கியை மட்டும் வைத்துக்கொண்டேன். உடைந்த ஒரு கசெட் ரேடியோவின் ஒலிபெருக்கிப் பகுதி, பழைய மோட்டார் சைக்கிளின் ஊதுகுழல், தோளில் மாட்ட ஒரு வார். மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்ற மூன்றாவது நிபந்தனையை இந்த முறை வெட்டிவிட்டேன்.

துறைமுக வாசலில் அதை அக்காவிடம் நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இது எவ்வளவு தூரம் கேக்கும்?"

"அடுத்த ஊருக்கும் கேக்கும்."

"கெட்டிக்காரி" என்றார். பிறகு திரும்பி, மண்டரின்காரரின் தோளில் அதை மாட்டிவிட்டார்.

"எனக்கேன் அக்கா?"

"அண்டைக்கு நீர் சொன்ன ஐலசா பக்கத்திலை நிண்ட எனக்கே கேக்கேல்லை. நீர் வைச்சிரும்."

அவர் தன் தடித்த சப்பாத்தோடு வாசல் படியில் ஏறி நின்றார். பின்னால் நாப்போலிக்குப் போகும் கப்பல் நீண்ட ஊதல் ஊதியது. அக்கா அது முடியும்வரை பொறுக்கவில்லை. அதற்கு மேலாகவே தொடங்கினார்.

"ஏலேலோ!"

கூட்டத்தின் கடைசியில் நின்றது நான்தான். எனக்கு நன்றாகவே கேட்டது. முதல் ஆளாகத் திருப்பிச் சொன்னதும் நான்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.